கேமராவுக்குத் தெரியாத நீலம்

கோந்த்ரான் லெஸ்கியே நாற்பத்தொரு வருடம் சித்திரக்கதை எழுதினார். 1963 முதல் 2004 வரை, மொத்தம் முப்பத்துநான்கு ஆல்பங்கள், அதாவது கெட்டி அட்டைப் படக்கதைப் புத்தகங்கள். அவற்றுக்குப் படம் வரைந்தவர்கள் பதினான்கு பேர். அந்தப் பதினான்கு பேரில் ஒருவர்கூட அவரோடு ஐந்தாவது ஆல்பம் வரை தாக்குப்பிடிக்கவில்லை. நான்கு என்பதே அதிகபட்சம். ஒருவர் பன்னிரண்டாம் பக்கத்திலேயே பென்சிலைக் கீழே வைத்துவிட்டுப் போனார். அவர் இப்போது லிமோழ் பக்கத்தில் தேனீ வளர்க்கிறார். நன்றாக இருப்பதாகக் கேள்வி.

லெஸ்கியே இந்தக் கணக்கை வேறு மாதிரி சொல்வார். "பதினாலு பேர வளர்த்து விட்டேன்" என்பார். அந்தப் பதினாலு பேரையும் அவர் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதில்லை. "கை" என்பார். "என் இப்போதைய கை", "என் பழைய கை", "அந்த பிரெத்தோன் கை". தலை ஒன்றுதான் என்றும், கைகள் மாறிக்கொண்டே இருக்கும் என்றும் அவருக்கு ஒரு தத்துவம் இருந்தது. தத்துவத்தைக் கேட்டவர்கள் யாரும் இரண்டாவது முறை கேட்க வந்ததில்லை.

அவர் வேலை செய்த விதத்தைப் பார்த்தால் இந்தத் தத்துவம் எங்கிருந்து வந்தது என்று விளங்கும். மெல்லிய தாளில் தட்டச்சு செய்வார். இடது பக்கம் ஒரு பத்தி: கட்டத்தில் என்ன தெரிய வேண்டும். வலது பக்கம் ஒரு பத்தி: யார் என்ன பேச வேண்டும். 1971 ஏப்ரலில் அவர் இடது பத்தியில் ஒரு வரி அடித்தார்: "நானூறு குதிரைவீரர்கள் மலைச்சரிவில் இறங்குகிறார்கள். பனி பெய்கிறது." அடிக்க அவருக்கு அரை நிமிடம் ஆகியிருக்கும். வரைய ஓவியர் கிஸ்லேன் தோர்சிக்குப் பதினொரு நாள் ஆனது. வலது பத்தியில் அந்தக் கட்டத்துக்கு எழுதப்பட்டிருந்த வசனம்: "ஆ!"

வரைந்த தாள் திரும்பி வந்ததும் லெஸ்கியே நீலப் பென்சிலை எடுப்பார். வெளிர் நீலம். அச்சகத்தின் கேமராவுக்கு அந்த நீலம் தெரியாது; தாளைப் படம் பிடித்தால் கறுப்பு மை மட்டும் விழும், நீலக் குறிப்பெல்லாம் காணாமல் போகும். அதனால் இந்தத் தொழிலில் எல்லோரும் மூலத்தாளின் ஓரத்தில் நீலத்தில்தான் குறிப்பு எழுதினார்கள். "தொப்பியைச் சற்று இடப்பக்கம்", "நிழல் போதாது", இப்படி. லெஸ்கியேயின் குறிப்புகள் வேறு ரகம். யாருக்கும் தெரியாது என்று நினைக்கும்போது ஒரு மனிதன் எப்படி எழுதுவானோ அப்படி எழுதினார்.

அச்சான பிறகு மூலத்தாள்கள் ஓவியர்களிடமே திரும்பிப் போகும். அது அவர்கள் சொத்து. அதை லெஸ்கியே ஒரு நாளும் பொருட்படுத்தவில்லை. முடிந்த பக்கத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கும் சித்திரக்கதைத் திருவிழாவில் மட்டும்தான் அவருக்குச் சற்று நெருடும். ஆல்பத்தோடு வரும் வாசகர்களுக்கு ஓவியர் முதல் பக்கத்தில் ஒரு படம் போட்டுக் கொடுப்பார். எழுத்தாளர் பக்கத்தில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுவார். 1986இல் தோர்சிக்கு முன்னால் அறுபத்துமூன்று பேர் வரிசையில் நின்றார்கள். லெஸ்கியே பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். நாற்பதாவது ஆள் ஆல்பத்தைத் தன் மார்போடு அணைத்துக்கொண்டு, "வேணாம் முஸ்யே, படம் இன்னும் காயல. நீங்க எழுதினா ஈஷிடும்" என்றான். அந்த வருடமே தோர்சிக்குச் சீட்டு கிழிந்தது. கடிதத்தில் ஒரே வரி: "உங்கள் குதிரைகள் களைத்துவிட்டன."

இப்படி இருந்த மனிதருக்கு ஒரே ஒரு பக்கம் பெயர் வாங்கிக் கொடுத்தது. 1978இல் வந்த 'உப்புக் கதவு' என்ற ஆல்பத்தின் 31ஆம் பக்கம். மீனவன் கடலோடு போய்விட்டான். அவன் மனைவி அவனுடைய சட்டையை மடிக்கிறாள். ஒன்பது கட்டம். ஒரு சொல் கிடையாது. மடிக்கிறாள், பிரிக்கிறாள், பொத்தானைப் போடுகிறாள், மறுபடி மடிக்கிறாள். கடைசிக் கட்டத்தில் சட்டை நாற்காலியில் இருக்கிறது, அவள் இல்லை. மீதி நாற்பத்தைந்து பக்கங்களை மறந்தவர்களும் இந்தப் பக்கத்தை மறக்கவில்லை. வரைந்தவர் மரிவோன் கெர்த்ரான், அப்போது இருபத்தாறு வயது. அட்டையில் லெஸ்கியேயின் பெயர் மேலே. அவள் பெயர் கீழே, பாதி அளவில்.

அந்தப் பக்கத்தைப் பற்றி லெஸ்கியே வானொலியில் மூன்று முறை பேசினார். மூன்று முறையும் ஒரே கதை: மார்ச் மாதக் காலை, வெளியே மழை, ஜன்னல் ஓரம், கண்ணீர். "வசனம் ஒவ்வொண்ணா வெட்டினேன். கடைசியில மௌனம்தான் மிஞ்சிச்சு. அந்த மௌனத்தைத்தான் எழுதினேன்" என்பார். பேட்டி எடுப்பவர்கள் அந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்கள்.

2004இல் பதிப்பகம் அவரை நிறுத்திவிட்டது. அவர் ஓய்வு பெற்றதாகச் சொல்லிக்கொண்டார். அதற்கு முன்பே, 1993இல், பாரிஸை விட்டு அங்குலேம் நகருக்குக் குடிவந்துவிட்டார். மூன்றாம் மாடி, தெருப் பக்கம் ஒரு பெரிய ஜன்னல். சித்திரக்கதைக்காரனுக்கு அந்த ஊரில் ஒரு தனி ஆசை வரும். ஊரின் சுவர்களிலெல்லாம் ஆளுயரத்துக்கும் மேலாகக் கதைப் பக்கங்களை வரைந்து வைத்திருக்கிறார்கள். லெஸ்கியேயின் ஜன்னலுக்கு நேர் எதிரே மதாம் வெர்னூவின் பேக்கரி. அதன் பக்கவாட்டுச் சுவர் மட்டும் வெறுமையாக இருந்தது. பதினேழு வருடம் காலைக் காப்பியோடு அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அங்கே 31ஆம் பக்கம் வர வேண்டும். கீழே பெயர் வர வேண்டும். தன் பெயர். பேக்கரிக்கு வருகிறவர்கள் ரொட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அண்ணாந்து படிக்க வேண்டும். எழுபத்திரண்டு வயதில் அந்த மனிதருக்கு மிஞ்சியிருந்த ஆசை அது ஒன்றுதான்.

2010 மார்ச் 2ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை, வாசகர் சங்கத்தின் தலைவி ஓதில் பர்பாரன் அவர் வீட்டுக்கு வந்தாள். ஐம்பது வயதுக்காரி, தபால் நிலையத்தில் வேலை பார்த்தவள், சுற்றி வளைக்கத் தெரியாதவள்.

"முஸ்யே லெஸ்கியே, உங்க நாப்பது வருஷ வேலைய வெச்சு ஒரு கண்காட்சி போடலாம்னு சங்கத்துல முடிவு பண்ணிருக்கோம். அக்டோபர்ல. பேக்கரிச் சுவர் விஷயமா நகரக் குழு வருஷக் கடைசியில கூடுது. அவங்க கண்காட்சியப் பார்க்க வருவாங்க."

லெஸ்கியேக்கு நாற்காலி சற்று உயர்ந்தது போல இருந்தது. அலமாரியைத் திறந்து தட்டச்சுத் தாள்களை எடுத்து மேசையில் பரப்பினார். முப்பத்துநான்கு கட்டு. ஓதில் முதல் கட்டைப் புரட்டினாள், இரண்டாவதைப் புரட்டினாள், மூன்றாவதைத் திறக்காமலே கேட்டாள்:

"படம்?"

"இதுதான் மதாம் எல்லாமே. இதிலிருந்துதான் படம் வந்துச்சு."

"வந்துச்சு சரி. சுவத்துல எதை மாட்டுறது?"

"இதை மாட்டுங்க."

"'நானூறு குதிரைவீரர்கள் இறங்குகிறார்கள்'னு ஒரு தாளை மாட்டி வெச்சா, வர்றவங்க குதிரை எங்கன்னு என்னைத்தான் கேப்பாங்க."

நாற்பது வருடத்தில் முதல் முறையாக லெஸ்கியேக்கு உறைத்தது. அவருடைய நாற்பது வருடத்தைக் காட்ட அவரிடம் மாட்டுவதற்கு ஒன்றுமே இல்லை. எல்லாம் கைகளிடம் இருந்தது. மே மாதக் கடைசிக்குள் முப்பது மூலத்தாளாவது வந்து சேர வேண்டும், 31ஆம் பக்கம் கட்டாயம் வேண்டும், இல்லையென்றால் மண்டபத்தை வேறு யாருக்காவது கொடுக்க வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டு ஓதில் போனாள். வேறு யார் என்பதையும் சொன்னாள். அந்தப் பெயர் லெஸ்கியேக்கு நாற்பது வருடமாகப் பிடிக்காத இன்னொரு எழுத்தாளருடையது.

அன்றிரவே பதினான்கு பேருக்கும் எழுத உட்கார்ந்தார். நான்கு பேர் இறந்திருந்தார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. மற்றவர்களுக்கு எழுதிய கடிதத்தில் "உங்களுக்கும் இது ஒரு வாய்ப்பு" என்று ஒரு வரி இருந்தது. பதில் ஒன்றும் வரவில்லை. ஏப்ரல் 22ஆம் தேதி, வியாழக்கிழமை, வேறு வழியில்லாமல் ரயிலேறி, பெல்ஜிய எல்லைக்கு அந்தப் பக்கம் துர்னேயில் இருந்த கிஸ்லேன் தோர்சியின் வீட்டுக்கே போய் நின்றார்.

தோர்சிக்கு எழுபத்துநான்கு வயது. கதவைத் திறந்தவர் இவரை மேலும் கீழும் பார்த்தார்.

"யாருடா இது! தலையே நேரா வந்திருக்கு. கையத் தேடிக்கிட்டா?"

"உள்ள வரலாமா கிஸ்லேன்?"

"வா, வா. குதிரைங்க எல்லாம் படுத்துத் தூங்குது. களைச்சுப் போச்சுங்க, நீயே எழுதியிருந்தியே."

லெஸ்கியே கோபத்தை விழுங்கினார். சிவப்பு முட்டைக்கோஸ் வேகும் வாசனை வீடு முழுக்க இருந்தது. பீர் வந்தது. தான் வந்த விஷயத்தை ஆல்பங்களின் மகத்துவத்தில் தொடங்கி நகரத்தின் பெருமைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துச் சொன்னார். தோர்சி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

"ஆக, உன் கண்காட்சிக்கு என் படம் வேணும்."

"நம்ம படம்."

"அட, நம்மதா? 86ல உன்னுதா இருந்துச்சே. இருபத்திநாலு வருஷத்துல எனக்கும் பங்கு வந்துடுச்சா?"

"பழசை எல்லாம் ஏன் கிளறணும்..."

"கிளறல அப்பனே. எத்தனை தாள் வேணும்?"

லெஸ்கியே தயங்கினார். மறுப்பார் என்றுதான் எதிர்பார்த்து வந்திருந்தார். மறுப்புக்குத் தகுந்த பேச்சைத்தான் ரயிலில் தயார் செய்திருந்தார். "பத்து" என்றார்.

"பன்னெண்டு எடுத்துக்க. ஒரே ஒரு நிபந்தனை. தாளை முழுசா மாட்டணும். ஓரத்தை அட்டை வெச்சு மறைக்கக் கூடாது. எழுத்துல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு."

ஓரத்தில் ஓவியர்கள் தங்கள் கையெழுத்தைப் போட்டு வைப்பார்கள். அதற்காகத்தான் அலைகிறான், கிழட்டு வயதிலும் ஒரு கைக்கு இருக்கிற ஆணவத்தைப் பார், என்று லெஸ்கியே மனதுக்குள் சிரித்துக்கொண்டார். கையெழுத்துப் போட்டார்.

"தாள்களப் பார்க்கறியா? மாடியிலதான் இருக்கு."

"வேணாம். நான் பார்த்ததுதானே."

"ஆமாமா" என்றார் தோர்சி. "நீ பார்த்ததுதான். ரொம்ப நல்லாவே பார்த்திருக்கே."

லெஸ்கியே தெருமுனை திரும்புவதற்கு முன்பே தோர்சி தொலைபேசியை எடுத்துவிட்டார். அடுத்த பத்து நாளில் பதில் எழுதாதிருந்த ஒன்பது பேரில் எட்டு பேரிடமிருந்து கடிதம் வந்தது. எல்லோரும் தருகிறார்களாம். எல்லோருக்கும் அதே நிபந்தனையாம். தேனீ வளர்ப்பவர்கூடப் பன்னிரண்டு தாளையும் தருவதாக எழுதியிருந்தார். கடைசியில் தன் அருமை இவர்களுக்குப் புரிந்துவிட்டது என்று லெஸ்கியே நம்பினார். மதாம் வெர்னூவிடமும் சொன்னார். "வயசானா மனுஷங்களுக்கு நன்றி வருது மதாம்" என்றார். அவள் ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக்கொடுத்தாள்.

மரிவோன் கெர்த்ரானிடமிருந்து மட்டும் கடிதம் இல்லை.

மே 12ஆம் தேதி, புதன்கிழமை, கெம்பேர் வரை ரயில், அங்கிருந்து பிரெத்தோன் கடலோரத்துத் தூவார்னெனே வரை பஸ். மரிவோனுக்கு இப்போது ஐம்பத்தெட்டு வயது. துறைமுகத்துக்கு மேலே ஒரு சிறிய வீடு. மத்தி மீன் டப்பாக்களுக்கு லேபிள் வரைகிறாள். லெஸ்கியேயிடம் வருவதற்கு முன்பும் அதுதான் வேலை, போன பிறகும் அதுதான் வேலை. நான்கு ஆல்பம் முடிந்ததும் அவளுக்கு வந்த கடிதத்தில் குதிரைக்குப் பதில் கடல் களைத்திருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

"உட்காருங்க முஸ்யே லெஸ்கியே. பஸ் எத்தனை மணிக்கு?"

"நாலு பத்துக்கு."

"அப்ப நேரம் இருக்கு." வெண்ணெய்ப் பணியாரத்தை வெட்டித் தட்டில் வைத்தாள். "ரேடியோவுல நீங்க பேசினதக் கேட்டேன். மூணு தடவையும்."

லெஸ்கியேயின் முகம் மலர்ந்தது. "எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு. அந்த மழையும் ஜன்னலும் வர்ற இடம் ரொம்ப நல்லா இருந்துச்சு. எங்கம்மாவும் கேட்டாங்க, சாகறதுக்கு முன்னாடி."

"அவங்களுக்குப் பிடிச்சுதா?"

"'யாரும்மா இந்தாளு? நான் உங்கப்பா சட்டைய மடிச்சதை இவரு எங்கேருந்து பார்த்தாரு?'ன்னு கேட்டாங்க."

லெஸ்கியே சிரித்தார். அதை ஒரு பாராட்டாக எடுத்துக்கொண்டார். கலைஞன் எல்லாவற்றையும் பார்க்கிறான் என்ற பொருளில் ஏதோ சொல்லவும் செய்தார். மரிவோன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போய், பழைய படுக்கை விரிப்பில் சுற்றிய ஒரு தட்டையான பொதியோடு வந்தாள்.

"இதான் 31. பிரிச்சுக் காட்டட்டுமா?"

"வேணாம் மரிவோன், அழுக்காயிடும்."

"ஒரு தடவை பார்த்துடுங்க. அப்புறம் கொண்டுபோகலாம்."

"அந்தப் பக்கம் என் கண்ணுக்குள்ளேயே இருக்கும்மா. ஒவ்வொரு கட்டமும்."

"முப்பத்திரெண்டு வருஷமாச்சு. மறந்திருக்கலாம். பாருங்க."

"மணி மூணே முக்கால். பஸ்ஸைத் தவறவிட்டா கெம்பேர்ல ராத்திரி தங்கணும்."

அவள் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. நிபந்தனைத் தாளை நீட்டினாள். முழுத் தாள், ஓரம் மறைக்கப்படாது. லெஸ்கியே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அந்த வீட்டில் அவருக்கு மூன்று வாய்ப்புகள் கொடுக்கப்பட்டன என்பதைக் குறித்து வைக்க வேண்டும். அவளுடைய தரப்பில் குறை ஏதும் இல்லை.

அக்டோபர் 16ஆம் தேதி, சனிக்கிழமை, மாலை மூன்று மணிக்குத் திறப்பு. பழைய காகித ஆலையின் கீழ்த்தளம். நூற்றுநாற்பது பேர் வந்திருந்தார்கள். சுவரில் தொண்ணூற்றாறு மூலத்தாள்கள். இந்த ஊரில் சித்திரக்கதைக் கண்காட்சிக்கு நூற்றுநாற்பது பேர் என்பது பெரிய கூட்டமில்லை, ஆனால் லெஸ்கியே அதைப் பிறகு நானூறு என்று சொன்னார். குதிரைவீரர்களின் எண்ணிக்கையே அவர் மனதில் நின்றிருக்க வேண்டும்.

அவர் சற்றுத் தாமதமாக வந்தார். அப்படி வருவதுதான் பொருத்தம் என்று நினைத்தார். வழியெல்லாம் கைகுலுக்கிக்கொண்டு நேராக மேடைக்குப் போனார். மேடைக்குப் பின்சுவரின் நடுவில், தனியாக, 31ஆம் பக்கம். அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று பேசத் தொடங்கினார்.

கூட்டத்தில் யாரும் அவரைப் பார்க்கவில்லை என்பதை அவர் சற்று நேரம் கழித்துத்தான் கவனித்தார். எல்லோரும் சுவர்களைப் படித்துக்கொண்டிருந்தார்கள். படங்களைப் பார்க்கிறவர்கள் ஓரடி தள்ளி நிற்பார்கள். இவர்கள் மூக்கு உரசும் அளவுக்கு நெருங்கி நின்றார்கள். இடப்பக்கத்திலிருந்து ஒரு பெண்ணின் குரல் கேட்டது:

"'இது குதிரையா, கர்ப்பமான பசுவா?' அடப்பாவி! இவ்வளவு அழகா வரைஞ்சிருக்கிறதைப் பார்த்தா?"

"இங்க வாங்க, இங்க வாங்க. 'இந்தக் கைக்கு ஆறு விரல். எண்ணத் தெரியாதா முட்டாளே?' கீழ அந்த ஓவியர் பென்சில்ல பதில் எழுதிருக்காரு: 'ஐந்துதான். நீ எண்ணு.'"

நான்கு பேர் குனிந்து எண்ணினார்கள். ஐந்துதான் இருந்தது.

லெஸ்கியே குரலை உயர்த்தினார். அவருடைய பேச்சு மார்ச் மாத மழைக்கு வந்திருந்தது. "...ஜன்னல் பக்கத்துல உக்காந்திருந்தேன். கண்ணு கலங்கிடுச்சு. வசனம் ஒவ்வொண்ணா வெட்டினேன். கடைசியில மௌனம்தான்..."

முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது பரவியது. தோர்சி முதல் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"கோந்த்ரான், நல்லாத்தான் பேசறே. கொஞ்சம் திரும்பிப் பாரு."

திரும்பினார்.

ஒன்பது கட்டங்களையும் அவர் பார்க்கவில்லை. வலது ஓரத்தில் மேலிருந்து கீழாக, தன் கையெழுத்தில், வெளிர் நீலத்தில், முப்பத்திரண்டு வருடமாகத் துளியும் மங்காமல் இருந்ததைப் பார்த்தார்:

"மரிவோன், 31க்கு எனக்கு ஒண்ணும் தோணல. விருந்தாளிங்க சாப்பாட்டுல உக்காந்திருக்காங்க. அந்தப் பொம்பளைய வெச்சு எதையாவது வரைஞ்சு பக்கத்த நிரப்பு. பேச்சு வேண்டாம், எழுத நேரமில்ல. கோ.லெ., 9.3.78"

அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. ஒரு வியாழக்கிழமை மதியம். பக்கத்தின் கதை வராமல், அச்சுக்கு நாள் நெருங்கி, கடலோரத்திலிருந்து பாரிஸ் வரை ரயிலில் வந்து வாசலில் நின்ற ஒரு பெண். கையில் கோடு மட்டும் போட்ட வெற்றுத் தாள். உள்ளே வரச் சொல்லவில்லை. கழுத்தில் கட்டிய சாப்பாட்டுத் துணியோடு வாசலில் நின்றபடியே, கதவின் மேல் தாளை வைத்து, எழுதிக் கொடுத்தார். அன்று மழையில்லை. வெயிலடித்தது. விருந்துக்கு வாத்து சமைத்திருந்தார்கள்.

"இது... இது தெரியக் கூடாதே" என்றார். ஒலிவாங்கி அவருக்கு முன்னால் இருந்ததால் மண்டபம் முழுவதும் கேட்டது. "நீலம் தெரியாது. நீலம் தெரியவே தெரியாது."

"கேமராவுக்குத்தான் தெரியாது முஸ்யே" என்றாள் ஓதில் பர்பாரன். "மனுஷங்களுக்குத் தெரியும்."

மரிவோன் கடைசி வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். அவள் சிரிக்கவில்லை. யாரோ அவளுக்கு நாற்காலி போட்டார்கள். பிறகு யாரோ ஒரு பழைய ஆல்பத்தை நீட்டினார்கள். பிறகு வரிசை நின்றது. ஏழு மணி வரை வரைந்துகொடுத்தாள். லெஸ்கியே அதற்குள் பக்கவாட்டுக் கதவு வழியே போயிருந்தார். கண்காட்சி ஆறு வாரம் நடப்பதாக இருந்தது. பதினொரு வாரம் நடந்தது.

ஜனவரி மாதம் ஓதில் மறுபடியும் மூன்றாம் மாடிக்கு ஏறி வந்தாள். இந்த முறை அவர் காப்பி கொடுக்கவில்லை.

"நகரக் குழு முடிவு பண்ணிடுச்சு. பேக்கரிச் சுவருக்கு உங்க ஆல்பத்துல 31ஆம் பக்கம்."

லெஸ்கியே ஜன்னலைப் பார்த்தார்.

"மதாம் கெர்த்ரான் சம்மதிச்சுட்டாங்க. அதே நிபந்தனை. முழுத் தாள், ஓரத்தோட. சட்டப்படி உங்க சம்மதமும் வேணும். வேணாம்னா வேணாம்னு சொல்லிடலாம், தப்பில்ல."

"ஓரத்தோடன்னா..."

"ஓரத்தோட."

"கீழ என் பேரு வருமா?"

"கீழ, 'மரிவோன் கெர்த்ரான், உப்புக் கதவு, பக்கம் 31'. அவ்வளவுதான்."

"என் பேரு?"

"உங்க பேரு ஓரத்துல இருக்கே. உங்க கையெழுத்துலயே."

மானமுள்ள ஒருவர் ஓதில் நீட்டிய சம்மதத் தாளைத் திருப்பிக் கொடுத்திருப்பார். மனசாட்சியுள்ள ஒருவர் மரிவோனுக்கு ஒரு கடிதம் எழுதியிருப்பார். லெஸ்கியே கேட்டது இது:

"நான் மாட்டேன்னு சொன்னா சுவரு யாருக்குப் போகும்?"

ஓதில் சொன்னாள். முன்பு சொன்ன அதே பெயர்.

லெஸ்கியே பேனாவைத் திறந்தார்.

சுவர் 2011 ஜூன் 14ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை, முடிந்தது. சாரம் பிரித்த அன்றே அவர் நகரக் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினார்: ஓரத்து எழுத்தின் சாய்வு சரியில்லை, தன் கையெழுத்து இன்னும் நேர்த்தியானது, திரும்ப வரைய வேண்டும் என்று. சுவர் வரைந்தவர்கள் மூலத்தாளின் பெரிதாக்கிய நகலை அவருக்கு அனுப்பி, எது தவறு என்று குறித்து அனுப்பும்படி கேட்டார்கள். கூடவே ஒரு நீலப் பென்சிலும் வைத்திருந்தார்கள். அதற்குப் பதில் போகவில்லை.

எழுத்து ஒவ்வொன்றும் ஒரு முழம் உயரம். அவருடைய ஜன்னலின் வலது கதவு அன்றிலிருந்து மூடியே இருக்கிறது. இடது கதவு வழியே பார்த்தால் சட்டையும் நாற்காலியும் மட்டும்தான் தெரியும். ஆனால் ரொட்டி வாங்கக் கீழே இறங்கித்தான் ஆக வேண்டும்.

ஆகஸ்டில் ஒரு காலை, பேக்கரி வாசலில் ஒரு குடும்பம் அண்ணாந்து நின்றது. கணவன் படம் பிடித்தான். மனைவி ஓரத்தில் இருந்ததை உரக்கப் படித்துவிட்டு, வெளியே வந்த கிழவரைப் பார்த்துக் கேட்டாள்:

"முஸ்யே, நீங்க இந்தத் தெருவா? இந்தக் கோ.லெ. யாரு? என்ன திமிர் பாருங்க அந்தாளுக்கு!"

பதினெட்டு வருடமாக அவருக்கு ரொட்டி சுற்றிக் கொடுக்கும் மதாம் வெர்னூ கல்லாவுக்குப் பின்னாலிருந்து நிமிர்ந்து பார்த்தாள்.

"தெரியாதும்மா" என்றார் லெஸ்கியே. "நான் இந்தப் பக்கம் புதுசு."

ரொட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சுவரை அண்ணாந்து பார்க்காமல், தெருவைக் கடந்து போனார்.